கேரவனில் போய்க் காடு பார்க்கலாமா?

வண்டிக்குள்ளேயே படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை. நினைத்த நேரத்தில் கிளம்பலாம், நினைத்த இடத்தில் தங்கலாம். கேரவனை வாடகைக்கு விடுகிறவர்கள் சொல்லும் இந்தப் பேச்சில் முன்பாதி உண்மை. பின்பாதி, தேசியப் பூங்காவுக்குப் போக நினைக்கும் டெல்லிக் குடும்பத்தைப் பொறுத்தவரை, பொய். புசா ரோட்டில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியின் வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோர் யாரேனும் அடுத்த விடுமுறைக்கு இப்படி ஒரு திட்டம் போட்டிருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன்பு கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். ஏனெனில் இது நமக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஆசை.

அங்கே அது பொருந்துகிறது. 1872இல் யெல்லோஸ்டோனில் தொடங்கிய அவர்களுடைய தேசியப் பூங்காக்கள், கார் பெருகிய காலத்தில் காரை உள்ளே விட்டே வளர்ந்தன. பூங்காவுக்குள் தார்ச்சாலை, சாலையை ஒட்டி முகாம் மைதானம், சாக்கடைத் தொட்டியைக் காலிசெய்ய ஓர் இடம் என்று எல்லாம் ஒரே ஏற்பாடாக அமைந்தவை. காட்டுக்குள் இரவு தங்க முடிகிறது என்பதுதான் கேரவனின் முழுப் பயன். அந்த ஒன்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது படுக்கை வைத்த வேன்.

இந்தியாவில் அந்த ஒன்று இல்லை. டெல்லிக்காரர்கள் முதலில் நினைக்கும் கார்பெட் பூங்காவையே எடுத்துக்கொள்வோம். சுமார் 250 கி.மீ. ஓட்டி ராம்நகர் சேர்ந்ததும் கேரவனின் வேலை முடிந்துவிடுகிறது. காட்டுக்குள் போக வனத்துறையில் பதிவுபெற்ற ஜிப்சி என்னும் திறந்த ஜீப் வேண்டும், அல்லது கேன்ட்டர் என்னும் பெரிய திறந்த வண்டியில் இடம் பிடிக்க வேண்டும். இரவில் உள்ளே தங்க ஒரே வழி வனத்துறையின் ஓய்வு விடுதிகள். தன்கடி வாயிலிலிருந்து சுமார் 30 கி.மீ. உள்ளே, ராமகங்கைக் கரையில் இருக்கும் திகாலாதான் அவற்றில் பேர்பெற்றது. மின்வேலிக்குள் சில கட்டடங்கள், எதிரே புல்வெளி. விடியலில் மானின் எச்சரிக்கைக் குரல் கேட்டு ஜிப்சி கிளம்பும் அந்த நேரத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் வருகிறோம். கேரவனில் படுத்தவருக்கு அது கிடையாது. அவர் ராம்நகரில் ஏதோ ஒரு ரிசார்ட்டின் வாகன நிறுத்தத்தில் இருப்பார், அதற்கும் தனியாகக் காசு கொடுத்து.

மற்ற இடங்களிலும் கதை இதேதான். ரந்தம்பூரில் ஆறு பேர் ஏறும் ஜிப்சி, இருபது பேர் ஏறும் கேன்ட்டர், கூடவே வழிகாட்டி. தெற்கே 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையையே அறிவித்த கேரளத்தில்கூட, மூணாறுக்குப் பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் வனத்துறை பஸ்ஸில்தான் போக வேண்டும். பந்திப்பூர், முதுமலை வழியே போகும் நெடுஞ்சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்தே தடை. நினைத்த நேரத்தில் கிளம்பலாமாம்!

இதற்கு ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. தென்னாப்பிரிக்காவின் குரூகரில் சிங்கமும் யானையும் இல்லையா? அங்கே 1927 முதல் மக்கள் சொந்தக் காரில் சுற்றுகிறார்கள். வேலி போட்ட முகாம்களில் கேரவனை நிறுத்திப் படுக்கிறார்கள். காட்டு விலங்கைக் காரணம் காட்டி இங்கே தடுப்பது வெறும் அதிகாரிகளின் வசதிதானே? வலுவான வாதம், அதை அப்படியே தள்ளிவிட முடியாது. ஆனால் குரூகரின் பரப்பு ஏறத்தாழ 20,000 சதுர கி.மீ. கார்பெட் தேசியப் பூங்கா 520, ரந்தம்பூர் 400க்கும் கீழே. 2022 கணக்கெடுப்பில் கார்பெட் காப்பகத்தில் மட்டும் 260 புலிகள் இருந்தன. நாட்டிலேயே அதுதான் அதிகம். அடர்ந்த சால் காட்டில் குறுகலான மண்பாதையில் ஏழு மீட்டர் வண்டி நின்றால் பின்னால் வருகிறவன் திரும்பவும் வழியில்லை. 2012இல் உச்ச நீதிமன்றம் சில மாதங்கள் புலிக் காப்பகங்களின் மையப்பகுதியில் சுற்றுலாவையே நிறுத்தி வைத்தது. அதன்பின் வந்த நெறிமுறை மையப்பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக் கூடாது என்கிறது. இடம் இவ்வளவுதான் என்னும்போது சொந்த வண்டியை வெளியே நிறுத்தச் சொல்வது சரியென்றே எனக்குப் படுகிறது.

அப்படியானால் கேரவனுக்கு ஒன்றுமே சாதகமில்லையா? இருக்கிறது: கழிப்பறை. முழங்கால் வலியோடு வரும் பாட்டி, இன்னும் இரண்டு நிமிடம் பொறு என்றால் பொறுக்காத குழந்தை, நெடுஞ்சாலை தாபாவின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும் பெண்கள். இவர்களுக்கு அது சொகுசு அல்ல, பயணம் போவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் விஷயம். கேரவனுக்கு நான் முழு மதிப்பெண் தருவது இந்த ஒன்றுக்குத்தான். ஆனால் அந்தத் தொட்டியை எங்கே காலிசெய்வது? நம் நெடுஞ்சாலைகளில் அதற்கென்று முறையான இடங்கள் கிடையாது. வாடகைக்குத் தருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். “அது டிரைவர் பார்த்துக்குவார் சார்” என்று பதில் வந்தால், ஏதோ ஒரு வாய்க்கால் பார்த்துக்கொள்ளும் என்று அர்த்தம். காட்டை நேசித்துப் போகிறவர் செய்யும் காரியமா அது?

டிரைவர் என்றதும் இன்னொன்று. சட்டப்படி நீங்களே ஓட்டத் தடையில்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியையும் சாதாரண இலகுரக லைசென்ஸோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்துவிட்டது. ஆனாலும் பெரும்பாலும் டிரைவரோடுதான் வண்டி கிடைக்கும். குடும்பம் உள்ளே படுத்தால் அவர் எங்கே படுப்பார்? விளம்பரப் படங்களில் அவர் இருப்பதே இல்லை. முன் இருக்கையில் சுருண்டு படுத்தவர் மறுநாள் பனிமூட்டத்தில் ஓட்டுவார். அவருக்கு ஓர் அறை எடுத்தால், அதே விடுதியில் நமக்கும் எடுத்திருக்கலாமே என்று தோன்றும்.

பனிமூட்டத்தைச் சும்மா சொல்லவில்லை. காட்டின் நாட்காட்டியும் பள்ளியின் நாட்காட்டியும் ஒத்துப்போவதே இல்லை. திகாலா ஜூன் நடுவில் மூடி நவம்பர் நடுவில் திறக்கும். தசரா விடுமுறைக்கு அது கிடையாது. கோடை விடுமுறையின் முதல் வாரங்களில் திறந்திருக்கும், விலங்குகளும் நீர்நிலைக்கு வரும். ஆனால் அந்த வெயிலில் தகரப் பெட்டிக்குள் இரவு முழுக்க ஏசி ஓட வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும், அதாவது மறுபடியும் ரிசார்ட். குளிர்கால விடுமுறையில், ராம்நகருக்குப் போகும் மொராதாபாத் சாலை பனிமூட்டத்தில் கண்ணுக்குத் தெரியாது. போதாததற்குக் காற்று கெட்டு, கிராப் என்னும் காற்று மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் வந்தால், டெல்லியில் பிஎஸ்-4 டீசல் வண்டிகள் ஓடவே தடை வந்துவிடும். 2020க்கு முந்தைய டீசல் கேரவன்கள் அதில் சிக்கும். வண்டி வந்தாலும் கரோல்பாக், பழைய ராஜேந்தர் நகர் சந்துகளில் அதை ஓர் இரவு நிறுத்திப் பாருங்கள். பக்கத்து வீட்டாரின் உறவு பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கேரவன் ஓரளவு பொருந்தும் ஒரே பூங்கா, எனக்குத் தெரிந்து, பரத்பூரின் கேவலாதேவ். முப்பது சதுர கி.மீ.கூட இல்லாத ஈரநிலம். 1985 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். எல்லோருமே வண்டியை வாசலில் விட்டுவிட்டு நடந்தோ சைக்கிளிலோ ரிக்‌ஷாவிலோதான் பறவை பார்க்கிறார்கள். ஆண்டு முழுதும் திறந்திருக்கும். தசரா சமயத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடுகட்டிக் குஞ்சுகளோடு இருக்கும். இங்கே புலியும் இல்லை, ஜிப்சிக்கு அடிபிடியும் இல்லை. பாட்டி வண்டியில் சாய்ந்து ஓய்வெடுக்கலாம். ஆனால் நியாயமாகச் சொன்னால் பரத்பூரும் ரந்தம்பூருக்கு இறங்கும் சவாய் மாதோபூரும் ஒரே ரயில் பாதையில், டெல்லி–மும்பை மெயின் லைனில் இருக்கின்றன. ரயிலிலும் கழிப்பறை உண்டு, டிரைவருக்குப் படுக்கை தேட வேண்டாம். ராம்நகருக்கும் ரயில் போகிறது.

ஆகவே என் தீர்ப்பு: முதல் குடும்பப் பயணத்துக்கு, அதுவும் புலிக்காட்டுக்கு, கேரவன் வேண்டாம். முதியவர் ஒருவருக்குக் கழிப்பறை கட்டாயம் என்றால் பரத்பூர் வரை எடுக்கலாம், தொட்டி எங்கே காலியாகும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஆர்.சி.யில் அது கேம்பர் வேனாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு. சாதாரண வேனுக்குள் கட்டில் போட்ட வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான். கார்பெட் என்றால் முதலில் திகாலாவில் அறைக்குப் பதிவு செய்யுங்கள். அறை உறுதியான பிறகு எப்படிப் போவது என்று பேசலாம்.