ஏட்டில் ஏறிய பாடலும் ஏறாத குரலும்

ஈழத்து நாட்டார் இலக்கியம் என்றதும் தாலாட்டு, ஒப்பாரி, அருவிவெட்டுப் பாடல், கவி என்று வரிசைப்படுத்திவிட்டு அமைந்துவிடுகிறோம். ஆசிரிய கலாசாலையில் எமக்குத் தரப்பட்ட பட்டியலும் இதுவே. இந்நாட்டின் ஆதிக்குடிகளான வேடருக்கு அதில் இடமில்லை.

வேடர் வாய்மொழியை முறையாக ஏட்டிலேற்றியவர்கள் செலிக்மன் தம்பதியர். 1911இல் வெளிவந்த அவர்களது ஆங்கில நூலில் தேன் எடுக்கும் பாடல்களும், வேட்டைத் தெய்வமான கண்டே யக்காவை அழைக்கும் பாடல்களும், தாலாட்டுகளும் மூலத்தோடும் மொழிபெயர்ப்போடும் உள்ளன. ஒலிப்பதிவுக் கருவியோடு காட்டுக்குச் சென்றவர்கள் அவர்கள். அந்த உழைப்பு இல்லையேல் அப்பாடல்களிற் பல இன்று நமக்குக் கிடைத்திரா. இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயினும் அந்நூலை விமர்சன நோக்கில் வாசிக்கும்போது இரண்டு குறைகள் புலப்படுகின்றன. அதில் இசை பற்றிய பகுதியை எழுதிய மையர்ஸ், சில சுரங்களுக்குள்ளேயே நின்றுவிடும் மிக எளிய இசையாக இதைக் காண்கிறார். சுரத்தை எண்ணியது சரி. ஆனால் மலைப்பாறையில் கொடியேணியில் தொங்கித் தேனறுப்பவனுக்கு அந்தப் பாட்டு கச்சேரி அல்ல, உயிர்க்காப்பு. தொழிலிலிருந்து பிரித்தெடுத்த பாட்டை இசையாக மட்டும் அளந்தால் அது வறியதாகத்தான் தெரியும். 1983இல் மதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டு, தம்பானை வேடரின் வேட்டைக்காடு அடைபட்டபோது நேர்ந்ததும் இதுதான். பாட்டு இருந்தது, அதற்குரிய வேலை இல்லை. உல்லாசப் பயணிகளுக்கு முன் பாடப்படுவது அந்தப் பாட்டின் மிச்சமே.

இரண்டாவது குறை நமக்கு இன்னும் நெருக்கமானது. கிழக்குக் கரையோர வேடருக்கு அந்நூல் ஒதுக்கியது ஒரு சிறு அத்தியாயம். அவர்கள் தமிழரோடு கலந்து தமிழ் பேசுபவர்களாம், ஆகவே ‘தூய’ வேடர் அல்லராம். வாகரை, கதிரவெளி, பனிச்சங்கேணிப் பக்கங்களில் வாழும் இம்மக்களின் சடங்குகளில் அன்றாடத் தமிழோடு பழைய வேடர் மொழிச் சொற்களும் ஒலிக்கின்றன. கலப்பே அவர்களது வரலாறு. கலப்பைக் கழித்துவிட்டால் எஞ்சுவது அவர்கள் அல்லர். குடிசன மதிப்பீட்டில் 1911இல் 5,300 அளவில் இருந்த வேடர் தொகை 1963இல் 400 ஆகச் சுருங்கியது. அத்தனை பேரும் இறந்துவிடவில்லை. பலர் சிங்களவராகவும் தமிழராகவும் எழுதப்பட்டார்கள்.

தம்பானையில் வெளிச்செல்வாக்கு என்றால் சிங்களம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வாகரையில் அந்த வெளிச்செல்வாக்கு நாம்தான்: நமது பள்ளிக்கூடம், நமது பாடநூல், நமது செந்தமிழ். கண்ணப்பரையும் வள்ளியையும் போற்றும் தமிழில்தான் ‘வேடன்’ என்பது வகுப்பறையில் வசைச்சொல்லாகவும் வழங்குகிறது. அந்த வசைக்கு அஞ்சும் பிள்ளை பாட்டனின் சடங்குப் பாட்டை ஏன் கற்கப்போகிறது? 2004 ஆழிப்பேரலையும், 2006, 2007 யுத்த இடப்பெயர்வும் அக்கரையைச் சிதைத்த பின்னர் இக்கேள்வி இன்னும் அவசரமாகிறது.

நம்மிடையே முன்மாதிரி இல்லாமலில்லை. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கவிகளைத் தொகுத்தவர் வெளியிலிருந்து வந்த அறிஞர் அல்லர். நிந்தவூர் மண்ணின் எஸ். முத்துமீரான். பேச்சுவழக்கைத் திருத்தாமல் தந்தால்தான் கவி கவியாக நிற்கும் என்பது அவ்வாசகருக்குத் தெரியும். அதே நீதி வாகரைக்கும் வேண்டும். பாடியவரின் பெயர், பாடிய சந்தர்ப்பம், உச்சரிப்பு ஆகியன பதிவாக வேண்டும். வெளியாருக்குச் சொல்லக்கூடாத மந்திரம் என்று அவர்கள் மறுத்தால் ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்த வேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, தொகுப்பவர் அந்தப் பிள்ளைகளாகவே இருக்க வேண்டும். அதற்குப் பள்ளிக்கூடம் முதலில் அவர்களது வெட்கத்தைப் போக்க வேண்டும்.

எங்கள் ஊரான சாவகச்சேரியின் பெயரில், பதின்மூன்றாம் நூற்றாண்டில் கடல்கடந்து வந்த சாவகர் இருக்கிறார்கள் என்பர் வரலாற்றாசிரியர். பெயர் நிலைத்துவிட்டது. அவர்கள் பாடிய ஒரு தாலாட்டுக்கூட எம்மிடம் இல்லை. வாகரை வேடருக்கு நாம் விட்டுவைக்கப்போவதும் பெயர் மட்டும்தானா?