நிலம் பெயர்ந்தும் நீங்காப் பழி

ஹாலி ஜாக்சனின் ‘எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர்’ (2019) இளையோருக்கான துப்பறியும் புதினம். காதலி ஆன்டி பெல்லைக் கொன்றுவிட்டுத் தானும் மாய்ந்தான் என்று ஊரார் முடிவுகட்டிய சல் சிங்கின் களங்கத்தைத் துடைக்க, பிப் என்னும் மாணவி தன் பள்ளி ஆய்வேட்டையே கருவியாக்குகிறாள். நேர்காணல்களும் குறிப்புகளுமாக விரியும் வடிவம் விறுவிறுப்பானது. இறுதித் திருப்பங்கள்தாம் சற்று மிகுதி.

பிரித்தானியப் பதிப்பின் லிட்டில் கில்டன், அமெரிக்கப் பதிப்பில் கனெக்டிகட் மாநிலத்து ஃபேர்வியூ ஆகிறது. முதற்பொருளாகிய நிலத்தையே பெயர்த்தும் கதை குலையவில்லை. இந்திய வம்சாவளிக் குடும்பமொன்றை ஒதுக்கிவைக்கும் அயலார் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் இயல்பாகப் பொருந்திவிடுகின்றனர். புதினத்தின் வலிமை இதுவே. குறையும் இங்கேதான்: மகன் பெயரிலான ஒப்புதல் குறுஞ்செய்தி தந்தையின் கைப்பேசிக்கே வருகிறது, தம்பி ரவிக்கு வாய்த்த இடம் அத்தந்தைக்கு வாய்க்கவில்லை.