ரஸ்ட்டில் 'மதுரை' எத்தனை எழுத்து?

ரஸ்ட் படிக்க ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் திட்டுவது ஓனர்ஷிப்பையும் பாரோ செக்கரையும்தான். தமிழில் டேட்டா வைத்துப் பழகுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய தடை ஸ்ட்ரிங் என்பது என் கருத்து.

'மதுரை'க்கு நீளம் கேட்டால் 15 என்கிறது. கேரக்டர்களை எண்ணச் சொன்னால் 5. நம் கண்ணுக்கோ எழுத்து 3: ம, து, ரை. மூன்று கணக்கும் சரிதான். யூடிஎஃப்-8ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். உகரக் குறிக்கும் ஐகாரக் குறிக்கும் தனித்தனிக் குறியீடு.

சி மொழியும் 15 என்றுதான் சொல்லும். ஆனால் முதல் உறுப்பைக் கேட்டால் அரைகுறை பைட் ஒன்றை எடுத்து நீட்டிவிடும். ரஸ்ட் அங்கே கம்பைல் செய்யவே மறுக்கும். பாராட்ட வேண்டிய பிடிவாதம்.

என் குறை வேறு. 0 முதல் 1 வரை ஸ்லைஸ் கேட்டால் கம்பைலர் விட்டுவிடுகிறது. ஆங்கிலப் பெயரில் இனிஷியல் எடுத்துச் சோதித்தால் ஜோராக ஓடும். தமிழ்ப் பெயர் வந்த அன்று பேனிக் ஆகி நின்றுவிடும்.

கிளாப்னிக், நிக்கோல்ஸ் எழுதிய அதிகாரப்பூர்வப் புத்தகம் 4ஆம் அத்தியாயத்தில் ஸ்லைஸைச் சொல்லும்போது, இங்கே ஆஸ்கி மட்டும் என்று ஒரு குறிப்போடு தாண்டிப் போகிறது. விளக்கம் 8ஆம் அத்தியாயத்தில்தான், 'நமஸ்தே' உதாரணத்தோடு வருகிறது. அங்கேயும் நம் எழுத்துக் கணக்கு ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் கிடையாது, தனி கிரேட் தேடிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். இந்தி, தமிழ்க்காரர்களுக்கு இது முதல் நாள் பாடம்.

மதுரைப் பக்கம் ரஸ்ட் சொல்லிக்கொடுப்பவர்கள் முதல் பயிற்சியிலேயே மாணவரின் பெயரைத் தமிழில் கொடுத்து, முதல் எழுத்தை எடுக்கச் சொல்லுங்கள். அங்கே விழுந்து எழுந்தவருக்கு 4ஆம் அத்தியாயம் பாதி புரிந்துவிடும்.