சுருக்கம் யாருக்கு? வகைக்குறிப்பும் அரைப்பேரும்

கணினி மொழியொன்றின் எழுத்துமுறை பற்றிய விவாதம் இலக்கிய ஆய்வாளனின் எல்லைக்கு அப்பாற்பட்டதெனக் கருதுவோர் உளர். பைத்தன் மொழியில் வகைக்குறிப்புகளைச் சுருக்கி எழுதுவது பற்றி எழுந்த முன்மொழிவுகளை நோக்குமிடத்து இக்கருத்துப் பொருந்தாமை புலனாகும். 2015 இல் 3.5 ஆம் பதிப்புடன் வந்த இக்குறிப்புகளை, நிரல் இயங்கும்போது பொறி பொருட்படுத்துவதில்லை. ஒரு பெயர் எண்ணுக்குரியதா, எழுத்துத் தொடருக்குரியதா என்பதை அவை சக நிரலாளருக்கும் பிழைகாணும் கருவிகளுக்கும் உணர்த்துகின்றன. எனவே இது பெரிதும் வாசிப்புப் பற்றிய பிரச்சினையே.

சுருக்கம் தமிழுக்குப் புதிதன்று. வேற்றுமைத்தொகை முதல் அன்மொழித்தொகை ஈறாக அறுவகைத் தொகையைத் தொல்காப்பியர் எச்சவியலில் வகுத்தார். தொக்கதை விரித்தல் உரையாசிரியர் தொழிலாயிற்று; கற்றோன் துணையின்றிப் பாடம் திறவாத நிலையும் அதனோடு வளர்ந்தது. எழுதுவோன் மிச்சப்படுத்திய உழைப்பு வாசிப்போன் தலையில் ஏறிற்று.

இவ்வளவுகோலால் நோக்கின், 2021 இல் 3.10 ஆம் பதிப்பு ஏற்ற மாற்றம் பாராட்டுக்குரியது. ‘யூனியன்’ என்ற சொல்லும் சதுர அடைப்பும் நீங்கி, இரு வகைகளுக்கிடையே ஒரு நெடுங்கோடு போதுமாயிற்று. நீங்கியது சடங்கு மாத்திரமே; உறுப்புகள் இரண்டும் வெளிப்படையாக நிற்கின்றன. ‘எண் அல்லது வெறுமை’ என்பதை வகையின் பின் ஒரு வினாக்குறியிட்டுக் காட்டலாமென்ற முன்மொழிவோ வேறு தன்மையது. அங்கு வெறுமை என்ற உறுப்பே கண்ணுக்கு மறைகிறது. அது மீளப் பெறப்பட்டமை நன்று. சார்பின் வகையை அம்புக்குறியால் எழுதும் முன்மொழிவு 2022 இல் நிராகரிக்கப்பட்டதை அத்துணை எளிதில் ஒப்ப இயலவில்லை. சார்பின் தலைப்பில் ஏற்கெனவே ஓர் அம்பு இருக்க, மற்றொன்று குழப்பும் என்பது மெய்யே. ஆயினும் அதில் எதுவும் மறையவில்லை.

கொஸ்லந்தப் பகுதித் தோட்டங்களை அறிந்தோர்க்கு மறைவின் விலை விளங்கும். தோட்டத்து வழக்கில் ஒருநாள் வேலை ‘பேர்’. விதித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் செக்ரோலில் விழுவது ‘அரைப்பேர்’. எழுதுவோனுக்கு இதனினும் சிக்கனமான குறி வேண்டியதில்லை. அன்று மழையா, மலை செங்குத்தா, செடியிற் கொழுந்தே இல்லையா, தராசில் கழித்தது எவ்வளவு ஆகிய யாவும் அச்சொல்லில் தொக்கு நிற்கின்றன. இத்தொகைக்கு உரையாசிரியர் எவருமிலர். சம்பள நாளில் அதனை விரித்துப் படிப்பவள் கொழுந்து பறித்தவளே. பைத்தனில் ஒரு குறியை மாற்றக் கோரி எவரும் முன்மொழிவு எழுதலாம். மறுத்தால் காரணங்கூறும் குழுவொன்றும் உண்டு. செக்ரோலின் குறியை வகுத்தபோது அவளிடம் எவரும் கேட்கவில்லை.