கையறுநிலையும் அருகிருத்தலும்

2018ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 3ஆம் நாள், பூச்சோங் வட்டாரத்துப் பழைய சுரங்கக் குட்டையொன்றில் விழுந்த 17 வயது இளைஞனைத் தேடி இறங்கிய தீயணைப்பு வீரர் அறுவர் நீரில் மூழ்கி மாண்டனர். எமது தெலுக் பங்லிமா காராங்கிற்கு அப்பகுதி தொலைவன்று. மறுநாள் ஆசிரியர் அறையில் இளம் ஆசிரியர் ஒருவர், ‘இத்தகைய வீட்டாரிடம் போய் என்ன பேசுவது?’ என்று கேட்டார். ‘நிலையாமையைத்தான் பேச வேண்டும்’ என்றார் மற்றொருவர். தமிழாசிரியர் பலரும் கூறக்கூடிய விடை அது. ஆயினும் நம் இலக்கியம் கூறும் விடை அதுவன்று என்பதே என் கருத்து.

இரங்கற் கூட்டங்களில் நாம் வழக்கமாக நாடுவன புறநானூற்றின் 192ஆம் பாட்டும், திருக்குறளின் நிலையாமை அதிகாரமும் ஆகும். இவற்றின் உயர்வை நான் மறுக்கவில்லை. ஆனால் இவை யாரை நோக்கிப் பேசுகின்றன? கணியன் பூங்குன்றனார் பாட்டின் துறை பொருண்மொழிக்காஞ்சி. அது உலகத்தாரை நோக்கிய தெளிவுரை. துயருற்றார் ஒருவரை முன்னிறுத்திக் கூறிய ஆறுதலன்று. இறந்தாரை நினைந்து எஞ்சியோர் வருந்துவதற்குத் தொல்காப்பியர் கையறுநிலை என்று தனித்துறை வகுத்தார். இரண்டும் வேறு வேறாக வைக்கப்பட்டிருக்க, நாமோ ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் புகுத்துகிறோம்.

வன்பரணர் பாடிய 255ஆம் பாட்டை நோக்குக. காட்டு வழியில் கணவன் இறந்து கிடக்கிறான். வாய்விட்டு அழுதால் புலி வருமோ என்று மனைவி அஞ்சுகிறாள். தூக்கிச் செல்லவோ வலுவில்லை. தன் கையைப் பற்றிக்கொண்டு மலை நிழல்வரை சற்றே நடந்து வருமாறு பிணத்திடமே வேண்டுகிறாள். அறிவு திரிந்த இப்பேச்சைப் புலவர் திருத்தவில்லை. ‘அவன் இனி நடவான்’ என்று கூறவுமில்லை. அவள் சொல்வதைக் கேட்டு நிற்கிறார், அவ்வளவே. துணையற்ற அவளுக்கு அப்பாட்டே துணையாகிறது.

246ஆம் பாட்டு இதன் மறுபுறத்தைக் காட்டுகிறது. பூதப்பாண்டியன் இறந்தபின் தீப்புகத் துணிந்த பெருங்கோப்பெண்டைச் சான்றோர் தடுக்கின்றனர். தடுத்தது தக்கதே. உயிரை மாய்த்துக்கொள்வதை நாம் ஒருநாளும் போற்றலாகாது. ஆயினும் அவள் ஏன் அவர்கள்மேல் சீறுகிறாள்? நெய்யில்லா உணவும் பாய் இல்லாப் பரற்படுக்கையுமாகிய கைம்மை வாழ்வையே அவள் எடுத்துக் காட்டுகிறாள். ‘போகாதே’ என்றவர்கள், இருந்தால் எப்படி வாழ்வாய் என்று கேட்கவில்லை. அறிவுரை இருந்தது, துணை இல்லை. இப்பாட்டைக் கற்பின் மேன்மைக்குச் சான்றாக மட்டும் நடத்துவோர் இக்குறையைக் காணாமற் போகின்றனர்.

சொல்லைவிடச் செயலால் துணைநின்றவர் கபிலர். பாரி மாண்டபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் சென்றார். இருவரும் மகளிரை ஏற்க மறுத்தனர். அதன் பின்னும் அவர்களை அவர் கைவிடவில்லை, பார்ப்பாரிடம் ஒப்படைத்தார். அம்மகளிர்க்கு அவர் நிலையாமை உரைத்ததாகப் புறநானூற்றில் ஒரு பாட்டும் இல்லை. அவர்களுக்கு ஓர் இடம் தேடினார். அதுவே அவர் கூறிய ஆறுதல்.

ஆனால் கபிலருக்கு யார் துணை? கடமை முடிந்ததும் அவர் வடக்கிருந்தார். தன்னை உடன்வர விடாமல் பாரி விட்டுச் சென்றதை எண்ணி 236ஆம் பாட்டில் நொந்துகொள்கிறார். தோழன் இறக்கத் தான் இருப்பதே குற்றம்போல் தோன்றும் வேதனை அது. பூச்சோங்கில் உடன்பணியாளரைக் கரைசேர்க்க நேர்ந்த ‘பொம்பா’ வீரர்க்கும் இவ்வேதனை இராதா? மேலைநாடுகளில் தீயணைப்புப் படைகளுக்குச் ‘சேப்ளின்’ எனப்படும் குருமார் இருப்பது இதன் பொருட்டே. இழந்த குடும்பத்தாரோடு மீட்கச் சென்றோரையும் அவர் காக்கிறார். நியூயார்க் தீயணைப்புத் துறையின் குரு மைக்கேல் ஜட்ஜ், 2001 செப்டம்பர் 11 அன்று வீரரோடு உலக வணிக மையத்திற்குச் சென்று அங்கேயே உயிர்நீத்தார். அந்நாளில் மாண்டோருள் முதலில் பதிவானவர் அவரே. நம் தோட்டங்களில் இப்பணிக்குப் பெயரில்லை, பணி உண்டு. சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்று சோறாக்கி வந்த அயலவரும், கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்த பெண்களும் அதையே செய்தனர்.

என் பிழையொன்றையும் ஈண்டுக் கூற வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன், மாலை வகுப்பில் ஐந்தாம் படிவ மாணவர்க்குப் பாரி மகளிரின் 112ஆம் பாட்டை நடத்தினேன். துறை யாது என்று ஒருவனைக் கேட்டேன், பேசாமல் நின்றான். கடிந்துகொண்டேன். வகுப்பு முடிந்தபின் அருகில் வந்து, ‘போன மாசம் எங்க அப்பா இருந்தாரு, சார்’ என்றான். கருமக்கிரியை முடிந்து அன்றுதான் வந்திருந்தான். பாட்டின் பொருளை அவன் எனக்கு உரைத்துவிட்டான்; துறையின் பெயரைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆசிரிய நண்பர்கள் கையறுநிலையைத் தேர்வுக்கு மட்டும் கற்பித்தல் போதாது. கையற்று நிற்பவரிடம் முதலில் அருகிருத்தல், அடுத்து ஆவன செய்தல், அதன் பின்னரே, அதுவும் அவர் கேட்டால், தெளிவுரை. புறநானூறு நமக்குக் காட்டும் வரிசை இதுவே. அன்று அம்மாணவனுக்கு நான் விடையொன்றும் கூறவில்லை. பேருந்து வரும்வரை அவனோடு நின்றேன். அதனை இன்றும் தவறென்று கருதவில்லை.