வயதைக் கேளுங்கள், வாயைப் பூட்டாதீர்கள்!

மதுரையிலிருந்து கொல்லம் நோக்கிச் செல்லும் சாலையில், திருவில்லிபுத்தூரை எட்டுவதற்கு முன் வரும் ஊர் கிருஷ்ணன்கோவில். பல்கலைக்கழகம் அமைந்த ஊராதலால், பதினேழும் பதினெட்டும் நிரம்பிய இளைஞர்கள் கூட்டங்கூட்டமாய் நடமாடும் இடம். ஒரே வகுப்பில் பயிலும் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவனுக்குப் பதினெட்டு நிறைந்துவிட்டது. மற்றவனுக்கு இரு திங்கள் குறைகிறது. இருவரும் பேருந்தேறித் திருவில்லிபுத்தூருக்கோ இராசபாளையத்துக்கோ சென்று, 'ஏ' முத்திரை பெற்ற படத்திற்கு நுழைவுச் சீட்டுக் கேட்டால், சட்டம் ஒருவனை வரவேற்கிறது. மற்றவனை வாயிலிலேயே நிறுத்துகிறது. சில வாரங்கள் சென்றதும் அதே படம் கைப்பேசிக்கு வருகிறது. அங்கே வாயிலும் இல்லை, காவலரும் இல்லை. கட்டணம் செலுத்திய கணக்கு ஒன்று கைக்குக் கிடைத்தால், விடுதிக் கட்டிலில் படுத்தபடி பதினேழும் பார்க்கும், பதினைந்தும் பார்க்கும்.

சட்டத்தின் கண்டிப்பு எங்கே, நாட்டின் நடப்பு எங்கே! இம்முரண்பாட்டைக் கண்டு சிலர், "வயது வரம்பே வேண்டாம்" என்கின்றனர். வேறு சிலரோ, "இன்னும் வெட்டுங்கள், இன்னும் தடுங்கள்" என்று கூக்குரலிடுகின்றனர். நாம் இருசாராருடனும் நிற்பவர்கள் அல்லோம். வயதைக் கேட்பது வேறு. வாயைப் பூட்டுவது வேறு. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, ஒரே கையால் செய்வதே இந்நாட்டுத் தணிக்கை முறையின் பெருங்கேடு என்கிறோம்.

வயதைக் கேட்பதில் பகுத்தறிவுக்கு ஒவ்வாதது எதுவுமில்லை. ஏழு வயதுக் குழந்தை, திரையில் பீறிடும் குருதியைச் சாயம் என்று அறியாது. அஞ்சும், அலறும், இரவெல்லாம் விழித்திருக்கும். படத்தில் இன்னது இருக்கிறது என்று பெற்றோருக்கு முன்கூட்டி உரைப்பது நேர்மையான செயல். இங்கிலாந்தில் 15, 18 என்று வயதைக் குறிக்கின்றனர். அவ்வயதை எட்டாதாரை அரங்கினர் உள்ளே விடுவதில்லை. அமெரிக்காவில் 1968 முதல் திரைப்படத் துறையினரே தரம் குறித்து வருகின்றனர். குறிப்பது அவர்கள் வேலை. முடிவு செய்வது பெற்றோர் வேலை.

நம் நாட்டுக் கதையோ வேறு. 1918-இல் திரைப்படச் சட்டம் இயற்றிய வெள்ளை அரசு, 1920-இல் சென்னை உள்ளிட்ட நகரங்களில் தணிக்கைக் குழுக்களை நிறுவியது. குழந்தைகளின் உறக்கம் கெட்டுவிடுமே என்ற கவலையாலா? இல்லை, குடிமக்கள் விழித்துக்கொள்வார்களே என்ற கவலையால்! 1939-இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய 'தியாகபூமி' தடைக்கு ஆளானது அந்தக் கவலையின் விளைவே.

வெள்ளையர் சென்றனர், கத்தரி தங்கிவிட்டது. இன்றும் அடிப்படையாக விளங்கும் திரைப்படச் சட்டம் 1952-இல் பிறந்தது. அதே 1952-இல்தான், கலைஞரின் உரையாடலோடு 'பராசக்தி' திரைக்கு வந்தது. தடை செய், தடை செய் என்று அன்று கூச்சலிட்டவர்கள் எந்தக் குழந்தையின் நலன் கருதிக் கூவினர்? பூசாரியின் கயமையைக் கண்டு பிள்ளைகள் கெட்டுவிடுவர் என்றா? பெரியவர்கள் சிந்தித்துவிடுவர் என்றன்றோ அவர்கள் நடுங்கினர்!

1970-இல் இவ்வழக்கு உச்சநீதிமன்றத்தில் தெளிவாகவே எழுந்தது. நான்கு நகரங்களின் சொகுசையும் வறுமையையும் எதிரெதிரே நிறுத்திக் குறும்படம் எடுத்தார் கே.ஏ. அப்பாஸ். அனைவரும் காணலாம் என்னும் 'யு' சான்று கேட்டார். வயது வந்தோர்க்கே என்னும் 'ஏ' சான்று நீட்டினர். முன்தணிக்கை செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. எனினும், வயது பார்த்துப் படங்களை வகுப்பது முறையே என்பதோடு, எதை வெட்டலாம் என்பதற்குத் தெளிவான வரையறை வேண்டும் என்பதையும் நீதிமன்றம் வலியுறுத்தியது.

அவ்வரையறை வந்ததா? 2016-இல் ஷியாம் பெனகல் தலைமையிலான குழு, வாரியத்தின் வேலை வகைப்படுத்துவதாகவே இருக்க வேண்டும். வெட்டுவதாக இருத்தல் ஆகாது என்று கருத்துரைத்தது. வயதுப் படிகளையும் வகுத்துக் கொடுத்தது. 2023-இல் திருத்தச் சட்டம் கொண்டுவந்தனர். யு/ஏ என்ற ஒரு வகையை 7, 13, 16 என மூன்றாகப் பிரித்தனர். குழுவிடமிருந்து வயதை வாங்கிக்கொண்டனர். கத்தரியை மட்டும் கீழே வைக்க மறுத்துவிட்டனர்! இம்மூன்று எண்களும் பெற்றோரின் கவனத்துக்கே. வேறெவரும் அவற்றை வற்புறுத்த முடியாது என்று சட்டமே சொல்கிறது. நன்று. பெற்றோரை நம்பும் அதே அரசு, வளர்ந்த மனிதனை நம்ப மறுப்பதேன்? 'ஏ' முத்திரை குத்திய பிறகும் காட்சியை வெட்டுவது, பெரியவனையும் தொட்டிலில் போட்டு ஆட்டுவதன்றோ?

இனி, இந்த எழுத்துக்களின் பின்னே ஓடும் பணத்தைக் காண்போம். 2006-இல் கலைஞர் அரசு, தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி விலக்கு என்றது. 2011-இல் வந்த ஆட்சி, 'யு' சான்றும் வேண்டும் என்று நிபந்தனை சேர்த்தது. அன்று முதல் 'யு' என்பது குழந்தைக்கு ஏற்றது என்ற அறிவிப்பாக மட்டும் நிற்கவில்லை. வரிப் பெட்டியின் திறவுகோலும் ஆயிற்று. கதை கேட்கும் வெட்டைச் செய்யாமல், கணக்கு கேட்கும் வெட்டைச் செய்தனர். 2017-இல் சரக்கு, சேவை வரி வந்ததும் அந்த ஏற்பாடு மாறியது; ஆயின் பணத்தின் பிடி தளரவில்லை. 'ஏ' படத்தை அப்படியே தொலைக்காட்சியில் காட்ட முடியாது. வெட்டித் திருத்தி வேறு சான்று பெற வேண்டும். ஆகவே 'ஏ' என்றால் இழப்பு. இழப்பு என்றால் அச்சம்.

2025 ஆகஸ்டு 14-இல் வெளியான 'கூலி' இதற்குச் சான்று. ரசினிகாந்த் படத்திற்கு 'ஏ' முத்திரை! குடும்பத்தோடு செல்வோர் கூட்டத்தை நம்பிய தயாரிப்பு நிறுவனம், வன்முறை மிகுந்த வேறு படங்களுக்கு யு/ஏ கொடுத்தீர்களே என்று சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. அம்மாத இறுதியில் வழக்குத் தள்ளுபடியாயிற்று. இதில் நாம் வாரியத்தைக் குறைகூற மாட்டோம். வெட்டரிவாளும் குருதியும் நிறைந்த படத்தில் நாயகன் எவராயினும், குழந்தைக்கு அது குழந்தைப் படம் ஆகிவிடாது. தலைவரின் முகத்தைக் காட்டி வயதைக் குறைக்கச் சொல்வது, பக்தியே அன்றிப் பகுத்தறிவன்று. ஆனால், பெரிய நாயகரின் மற்றப் படங்களுக்கும் இதே அளவுகோல்தானா என்ற கேள்விக்கு மட்டும் விடை வேண்டும்.

அதே ஆண்டில் நடந்த மற்றொன்றைப் பாருங்கள். சோதிராவ் பூலே, சாவித்திரிபாய் பூலே வாழ்வைச் சொல்லும் 'பூலே' என்னும் இந்திப் படம். குருதியில்லை, ஆபாசமில்லை. 'யு' சான்றே கொடுத்தனர். ஆனால், சாதிகளின் பெயர்களை நீக்கு என்றனர். மூவாயிரம் ஆண்டு அடிமைத்தனம் என்ற சொல்லை, பல ஆண்டு என்று மாற்று என்றனர். பார்ப்பன அமைப்புகளின் எதிர்ப்பால் ஏப்ரல் 11-இல் வரவேண்டிய படம் 25-க்குத் தள்ளிப்போயிற்று. சாதிக் கொடுமையை எதிர்த்தவரின் வாழ்வில் சாதியின் பெயரை எடுத்துவிட்டால், அவர் எதை எதிர்த்தார்? காற்றையா? இங்கே காக்கப்பட்டது எந்தக் குழந்தை?

திருவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில், பெண்ணின் வேட்கை ஒளிவு மறைவின்றிப் பேசுகிறது. அதைப் படிக்க எவரும் வயது கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. பழைய ஏட்டில் இருந்தால் பக்தி, புதிய திரையில் இருந்தால் ஆபாசம் என்னும் இரட்டை நாக்கைத்தான் கேட்கிறோம்: உன் அளவுகோல் எது?

நமக்குப் பிடித்த படத்துக்கு மட்டும் உரிமை கேட்பவர்கள் என்று எவரும் எண்ண வேண்டா. இடஒதுக்கீட்டைத் தாக்கி எடுக்கப்பட்ட 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியபோது, 1989-இல் உச்சநீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. அப்படத்தின் கருத்து நமக்கு உடன்பாடன்று, நஞ்சென்றே கருதுகிறோம். எனினும், அத்தீர்ப்பு சரியே. கருத்தைக் கருத்தால் வெல்ல வல்லவர்கள் நாம். மேடை நமக்கு உண்டு, ஏடு நமக்கு உண்டு. கத்தரியை நாம் இரவல் வாங்கினால், நாளை அதே கத்தரி நம் கழுத்துக்கு வரும்.

ஆகவே நாம் வேண்டுவது இதுதான்: வாரியம் வயதைக் குறிக்கட்டும், ஏன் அந்த வயது என்பதை எளிய தமிழில் சுவரொட்டியிலும் சீட்டிலும் அச்சிடட்டும். 'ஏ' படத்திற்கு வயது குறைந்தோரை அனுமதித்தால் தண்டம் என்று சட்டம் இருக்கிறது. அது ஏட்டில் உறங்காமல், சிற்றூர்க் கொட்டகைக்கும் பேரங்காடி அரங்குக்கும் ஒன்றாய் நடக்கட்டும். வயது வந்தோர்க்கு என்று முத்திரையிட்ட பின், அவர்களுக்குரிய படத்தில் கை வைக்கும் உரிமை எவர்க்கும் இல்லாதொழியட்டும்.

கிருஷ்ணன்கோவில் தோழனே! பதினெட்டில் உன் கையில் வாக்குச்சீட்டைத் தருகிறது நாடு. ஆட்சியைத் தேர்ந்தெடுக்கத் தகுந்தவன் நீ என்கிறது. அப்படியாயின், ஒரு படத்தை முழுதாய்ப் பார்த்து, நல்லதைக் கொண்டு அல்லதைத் தள்ளும் தகுதியும் உனக்கு உண்டு. அதைச் சலுகையாகக் கேளாதே, உரிமையாகக் கேள்!