சுளகு நெல்லும் டாரட் சீட்டும்: சிறிய திருமடலின் கட்டுவிச்சிப் பகுதியை முன்வைத்து

திறவுச்சொற்கள்: கட்டு, கட்டுவிச்சி, சிறிய திருமடல், டாரட், படைப்பெழுத்து

டாரட் சீட்டுகளைப் படைப்பெழுத்துக்குத் தூண்டுகோலாகக் கொள்வோர்க்கு இத்தாலோ கால்வினோவின் ‘குறுக்கிடும் விதிகளின் கோட்டை’ (1973) சிறந்த முன்மாதிரி. அதில் பேச்சிழந்த பயணிகள் சீட்டுகளை மேசைமீது பரப்பித் தத்தம் கதையை உணர்த்துகின்றனர். கதைசொல்லி படங்களைக் கொண்டு ஊகிக்கிறான். ஒருவர் வைத்த சீட்டு மற்றொருவர் கதைக்கும் உறுப்பாகிறது. சீட்டுகள் தற்செயலாகக் கதை தந்தன என்று இதனைக் கொள்வது பொருந்தாது. கதைகள் பொருந்தும்வரை அவற்றை மாற்றி மாற்றி அடுக்கியவர் கால்வினோ.

குறிகேட்டல் தமிழ்ச் செய்யுளுக்குப் புதிதன்று. கட்டும் கழங்கும் தொல்காப்பியக் களவியலிலேயே இடம்பெறுகின்றன. எனினும் குறி சொல்லும் செயல் கதை சொல்லும் செயலாக மாறுவதை முழுமையாகக் காட்டுவது திருமங்கையாழ்வாரின் சிறிய திருமடல். திருவரங்கத்தில் மதில் திருப்பணி செய்தவராக மரபு போற்றும் ஆழ்வார் அவர். அங்கு அத்யயன உற்சவ நிறைவில் ஓதப்படும் இயற்பாவில் இக்கலிவெண்பாவும் அடங்கும்.

குடக்கூத்தைக் கண்ட தலைவி வளை கழன்று மெலிகிறாள். காரணம் அறியாத் தாய்க்குக் கட்டுப் பார்க்குமாறு முதுபெண்டிர் கூறுகின்றனர். அதைக் கேட்டுக் கட்டுவிச்சி வருகிறாள். சுளகிலிருந்து சில நெல்லை எடுத்து எறிகிறாள். வியர்க்கிறாள், நடுங்குகிறாள், மெய் சிலிர்க்கிறாள், கையை முகர்கிறாள். பின்னரே பேராயிரம் உடையவன் என்கிறாள். அவள் அடுத்துச் சொல்வன பெரிதும் வினாக்கள்: உலகு அளக்கப்பட்டது யாரால், இலங்கை பொடியானது யாரால், கல்மாரி காக்கப்பட்டது யாரால். வெண்ணெய் களவாடி உரலில் கட்டுண்ட செய்திக்கு மட்டும் அவள் தரும் இடம் மிகுதி. நோய் அறிய வந்தவள் அவ்விடத்தில் நோயையே மறந்துவிட்டாள் எனத் தோன்றும்.

சுளகு நெல்லில் வாமனனும் இல்லை, இலங்கையும் இல்லை. 1909இல் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த சீட்டுகளில் தலைகீழாகத் தொங்குபவனும் இடிந்து விழும் கோபுரமும் முன்னரே உள்ளன. நெல்லோ எதையும் காட்டுவதில்லை. கதை முழுவதும் கேட்போரும் அறிந்த பொது நினைவிலிருந்து வருகிறது. நோய் செய்தவன் யார் என்பது தலைவிக்குத் தெரியும், பாடலைக் கேட்போர்க்கும் தெரியும். தாய் ஒருத்திக்கே தெரியாது. தலைவி வாய்விட்டுச் சொல்ல இயலாததைச் சொல்வதற்கு மற்றொரு வாய் தேவைப்படுகிறது. நெல் அந்த வாய்க்கு உரிமை அளிக்கிறது.

குறுந்தொகை 23ஆம் பாடலில் ஔவையார் இதையே இன்னும் சுருக்கமாக நிகழ்த்துகிறார். அகவன் மகள் குன்றுகளைப் பாடுகிறாள். தலைவனின் குன்றைப் பாடிய பாட்டையே மீண்டும் பாடுமாறு தோழி வேண்டுகிறாள். குறிப்பொருளைத் தேர்ந்தெடுப்பவள் இங்குக் கேட்பவளே. பிற்காலக் கலம்பகத்தில் குறம் ஓர் உறுப்பாக ஒடுங்கிற்று. குறவஞ்சியில் விரிந்தது, ஆயினும் பெரிதும் வாய்பாடாயிற்று.

ஆகவே திருச்சிராப்பள்ளிக் கல்லூரி வகுப்பொன்றில் டாரட் சீட்டைக் கொடுத்துக் கதை எழுதச் சொன்னால், மாணவர் முதலில் படத்துக்குப் பொழிப்புரை எழுத நேரும். பலர் அதனோடு நின்றுவிடுவர். கிளி ஜோசியச் சீட்டு நெருக்கமானது என்று கருதலாம். அதிலுள்ள தெய்வப்படமோ தன் புராணத்தை உடன் கொண்டு வருகிறது; மறுகூறலுக்கு அப்பால் செல்வது அங்கும் எளிதன்று. இரண்டிலும் குறைவது படமன்று, கேட்பவர். கட்டுவிச்சியின் முன் ஒரு தாய் அஞ்சி நிற்கிறாள், மகள் பேசாதிருக்கிறாள். சீட்டை எடுக்கும் மாணவர்முன் எவரும் இல்லை. ஒரு மாணவரைத் தாயாகவும் ஒருவரைப் பேசா மகளாகவும் இருத்திய பின்னர் மூன்றாமவர் கையில் தருவதற்கு ஒரு பிடி நெல்லே போதுமானது.